கொம்பு ஓணான் பொறுக்கிய வழக்கு

அஞ்சுகத்தைப் பிடித்துக்கொண்டு போன அன்று அவள் கூடையில் ஒன்பது ஓணான்கள் இருந்தன. ஒன்பதும் உயிரோடு இருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு இதைப் பற்றி எழுதிய அறிக்கை, குற்றப்பத்திரம் எல்லாவற்றிலும் 'ஒன்பது' இருந்தது, 'உயிரோடு' இல்லை.

எங்கள் தோட்டம் நுவரெலியாவுக்கும் மேலே, காட்டை ஒட்டிக் கிடக்கிறது. ஏழாம் நம்பர் மலையின் மேல் விளிம்பில் தேயிலை முடிந்து காடு தொடங்கும். நடுவில் வேலி கிடையாது. இருந்தாலும் கொம்பு ஓணானுக்கு அது வேலி இல்லை. கையளவு உடம்பு, மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு கொம்பு. பெட்டைக்குக் கொம்பு குட்டை, சிலதுக்கு இல்லவே இல்லை. இந்தத் தீவின் குளிர் மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இது கிடையாதாம். அதை எங்களுக்குச் சொன்னவர்கள் காரில் வந்தவர்கள். எங்களுக்குத் தெரிந்தது வேறு. மற்ற ஓணான் ஆளைக் கண்டால் பறக்கும். இது ஓடாது. கிளையை, எங்கள் பேச்சில் வாது, கட்டிப் பிடித்துக்கொண்டு, 'நான் இங்கே இல்லை' என்பதுபோல இருக்கும். கத்தி வந்தாலும் அப்படியேதான் இருக்கும்.

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டுவோம். இடுப்புயரம் வளர்ந்த தேயிலையை முழங்கால் உயரத்துக்கு இறக்க வேண்டும். ஒரு வாதுக்கு ஒரு வீச்சு. சரிவில், ஈரத்தில், ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வீச வேண்டும். வழுக்கினால் அடுத்த வாது நம் கால்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆறு வெட்டாளுக்கு முழங்காலுக்குக் கீழே தழும்பு. வெட்டாளுக்கெல்லாம் மூத்தவரான மருதை மாமாவுக்கு இடது காலில் இரண்டு விரல் இல்லை.

அதனால்தான் கவ்வாத்துச் சாமி. முதல் நாள் காலையில் மலையடியில் கத்திகளை வரிசையாகச் சாத்தி, சூடம் கொளுத்தி, ஒரு சேவலைக் கொடுப்போம். அந்தச் சேவலின் ரத்தம் கத்தியில் பட்ட பிறகு, மலை வெட்டி முடிகிற வரைக்கும் வேறு ரத்தம் அதில் படக் கூடாது. பட்டால் அடுத்த ரத்தம் வெட்டுகிறவனுடையது. எங்கள் முப்பாட்டன் காலத்திலிருந்து இதுதான் கட்டு. ஆகவே வெட்டுக்கு முன்னால் ஒரு பெண் மலையில் நடப்பாள். செடி செடியாகக் குனிந்து, வாதை விலக்கி, குருவிக்கூடு இருந்தால் எடுத்து, கொம்பு ஓணான் இருந்தால் பிடித்து, பாசி போட்ட கூடையில் வைத்துக் காட்டில் விட்டுவிட்டு வருவாள். ஓணான் மேல் எங்களுக்குப் பெரிய பாசம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கால் மேல்தான் பாசம்.

பதினோரு வருஷமாக அப்படி நடந்தவள் அஞ்சுகம். வயது நாற்பத்தைந்து. எனக்கு முறையில் அக்கா. கொழுந்தெடுக்கும் விரல் அவளுக்கு. ஓணானைக் கழுத்தில் பிடிக்க மாட்டாள், வயிற்றுக்குக் கீழே விரலைக் கொடுத்தால் அதுவே ஏறிக்கொள்ளும். புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். மகள் கோகிலவாணிக்கு இந்த வருஷம் உயர்தரப் பரீட்சை. வீட்டில் தோட்டப் பதிவில் பெயருள்ள ஆள் அஞ்சுகம் ஒருத்திதான். பெயர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும், அந்த ஒற்றை அறையும், போகும். இந்தக் கதையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் அதை மட்டும் மறக்காதீர்கள்.

அன்று காலை எட்டு மணி இருக்கும். நாங்கள் பன்னிரண்டு பேர் கத்தி தீட்டிக்கொண்டு கீழே நிற்கிறோம். மேலே காட்டோரத்தில் அவள் கூடையோடு போவது தெரிகிறது. திடீரென்று காட்டுக்குள்ளிருந்து காக்கி உடுப்பில் நாலு பேர். காட்டுப் பிராணிகளைக் காக்கிற வனஜீவி ஆபீஸ்காரர்கள்.

"டேய் தங்கையா," என்றார் மருதை மாமா என்னிடம், "அக்காவ என்னமோ கேக்குறானுங்க. ஒனக்குத்தான் சிங்களம் வருமே, ஓடு."

ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் கூடையை வாங்கிக் கீழே வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெரியவருக்குப் பெயர் கருணாதாச. அவருக்கும் கொஞ்சம் தமிழ் வரும். அதுதான் வினை.

"எங்க கொண்டு போறது இது?"

"காட்டுக்கு மாத்தையா."

"காட்டுல இருந்துதானே புடிச்சது?"

"இல்லீங்க மாத்தையா, தேயிலையில இருந்து காட்டுக்கு. அங்க வெட்டப் போறாங்க."

"யாரை?"

"செடிய."

"செடிய வெட்டுறதுக்கு ஏன் ஓணான் புடிக்கிறது?"

அஞ்சுகம் என்னைப் பார்த்தாள். நான் சிங்களத்தில் சேவல், சாமி, கத்தி, ரத்தம் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கதை மாதிரிதான் இருந்தது. கருணாதாச சிரித்தார். கூட இருந்த பொடியன் சிரித்தான்.

"ரெண்டு வெள்ளக்காரன் வந்து பங்களாவில தங்கினது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அதுக்கென்னா?" என்றேன் நான்.

"அவங்க இந்த சாமான வெளிநாட்டுக்குக் கடத்துறது. எங்களுக்குத் தகவல் வந்தது. அவங்களுக்குத்தானே இது?"

"அவங்க முந்தாநாளே பொட்டியக் கட்டிட்டுப் போயிட்டாங்களே மாத்தையா!"

போய்விட்டார்கள்தான். எதைக் கொண்டுபோனார்கள், எத்தனை கொண்டுபோனார்கள், எவனுக்கும் தெரியாது. இவர்கள் இரண்டு நாள் தாமதமாக வந்து, விடிய முன்னே காட்டில் அட்டைக்கடி வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வெறுங்கையோடு திரும்பினால் மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது? கையில் கிடைத்தவள் அஞ்சுகம்.

"பொம்பளைய இப்புடிக் கூட்டிக்கிட்டுப் போறீங்களே, ஒரு பொம்பளப் பொலிசு கூட இல்லாம?" என்று கேட்டேன். "நீயும் ஏறு" என்றார். ஏறவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

ஜீப்பில் ஏறும்போது அவள் சொன்னது இதுதான்: "மேல் மூலையில அஞ்சு நிரை நான் இன்னும் பாக்கல. மாமாகிட்ட சொல்லு, அங்க கத்தி வைக்க வேணாம்."

பிணையில் அடுத்த நாள் வந்துவிட்டாள். வழக்குக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி. டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் நல்ல மனுஷன். வளைக்காமல் சொன்னார்: "தோட்டத்துல இருந்து ஒரு கடிதம் வந்தாப் போதும். அன்னைக்கு இந்த அம்மா அந்த வேலையிலதான் நின்னாங்க, கவ்வாத்துக்கு முன்னுக்கு ஓணானை எடுத்துக் காட்டுல விடுறது இங்க வழக்கம்னு. அது இல்லாட்டி, பாதுகாக்கப்பட்ட உயிரினம், ஒன்பது எண்ணிக்கை, கையும் களவுமாப் புடிச்சது. நான் என்ன பேசினாலும் எடுபடாது."

கடிதம்தானே? நாலு வரி. தோட்டத் தலைவர் சந்தனம் தொழிற்சங்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மருதை மாமா, அஞ்சுகம், நான் பின்னால். ஆபீஸுக்குப் போகும் வழியில் புதுப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். பச்சை எழுத்து. நடுவில் கொம்பு ஓணான் படம், கண்ணைக் கொஞ்சம் பெரிதாக வரைந்திருந்தார்கள். 'எமது தோட்டம் அரிய உயிரினங்களின் இல்லம்' என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. வெளிநாட்டுச் சான்றிதழுக்காக. அது இருந்தால்தான் தேயிலைக்கு அங்கே நல்ல விலையாம்.

தோட்டத்தை நடத்துகிற தொரை எங்களை வராந்தாவிலேயே நிறுத்திக் கேட்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளே இல்லை, அதுதான் அவரிடம் இருக்கும் சங்கடம்.

"சந்தனம், எந்த வேலைன்னு லெட்டர் கொடுக்கிறது?"

"ஓணான் பொறுக்குற வேலை தொரை."

"அப்படி ஒரு வேலை இருக்கா இந்தத் தோட்டத்துல? அன்னைக்குப் பெரட்டுல அஞ்சுகத்துக்கு என்னான்னு பேர் போட்டிருக்கு?"

தினமும் காலையில் பெரட்டில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துப் பெயர் போடுகிற கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொழுந்து தொரை."

"கொழுந்து. அப்போ கொழுந்து எடுக்கிறதை விட்டுட்டுக் காட்டோரத்துக்கு ஏன் போனா? நான் அனுப்பினேனா?"

மருதை மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "தொரை, நீங்க இந்தத் தோட்டத்துக்கு வந்து ஆறு வருஷம். ஆறு வருஷத்துல எத்தனையோ மலை வெட்டியிருக்கோம். ஒவ்வொரு தடவையும் இந்தப் புள்ள கத்திக்கு முன்னுக்கு நடந்ததை நீங்க மோட்டார் சைக்கிள்ல நின்னு பாத்திருக்கீங்க. சேவல் கறியில உங்க பங்களாவுக்குத் தொடை அனுப்பியிருக்கோம். அதை என்னான்னு நெனச்சித் தின்னீங்க?"

"மாமா!" என்றார் தலைவர்.

"என்னா மாமா? தின்னதைத்தானே சொல்றேன்!"

தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மருதை, நீ வயசான ஆளு, அதனால கேட்டுக்கிறேன். வெள்ளிக்கிழமை சான்றிதழ்க்காரங்க வர்றாங்க. கவ்வாத்துக்கு முன்னுக்கு ஓணானை எடுக்கிறோம்னு நான் எழுதிக் கொடுத்தா, அவங்க கேக்கிற மொதல் கேள்வி என்னா? அப்போ எடுக்காமப் போனது எத்தனை, வெட்டுப்பட்டது எத்தனை? தேயிலைக்குள்ள ஓணான் இருக்குன்னு நான் எழுதணும். இருக்குன்னு எழுதினா, செத்துச்சுன்னும் எழுதணும்."

"பலகையில இருக்குன்னுதானே எழுதியிருக்கீங்க?" என்றாள் அஞ்சுகம்.

"அது காட்டுல."

அத்தோடு முடிந்தது. வழக்கு முடியும் வரை அவளுக்கு வேலை இல்லை. தண்டனை கிடைத்தால் பெயர் வெட்டு, ஒரு மாதத்தில் காம்பிராவைக் காலி செய்ய வேண்டும். அதைக் கணக்கப்பிள்ளை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். பாருங்கள், அந்தத் துண்டு எழுத மட்டும் அரை மணி நேரம் கூட ஆகவில்லை.

புதன்கிழமை பெரட்டில் உத்தரவு வந்தது. ஏழாம் நம்பர் மலை நின்றுபோய் எட்டு நாள் ஆகிறது, இன்றைக்கு வெட்ட வேண்டும். மேல் மூலை உள்பட.

"பொறுக்க ஆள்?" என்றார் மருதை மாமா.

"பொறுக்குறதுன்னு ஒரு வேலை கெடையாதுன்னு தொரை சொல்லிட்டாரு. வெட்டுங்க," என்றார் கணக்கப்பிள்ளை.

மாமா பெண்கள் பக்கம் திரும்பினார். யாராவது முன்னால் நடந்தால் போதும், பேர் இல்லாவிட்டாலும். கொழுந்தெடுக்கிற பவளம் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "மாமா, ஓணானைப் புடிச்சா செறை. ஓணானை வெட்டினா சம்பளம். எனக்கு வெட்டத் தெரியாது. அதனால நான் கொழுந்துக்குப் போறேன்." ஒருத்தியும் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

நாங்கள் கத்தியைக் கீழே வைத்தோம். தலைவர் சந்தனம் மேட்டில் ஏறி நின்று டவுனுக்குப் போன் போட்டார். சங்கத்துப் பெரியவர் யாரோ அந்தப் பக்கம் பேசுவது எங்களுக்கே கேட்டது. 'ஓணானுக்காக வேலைநிறுத்தமா, பேப்பர்காரன் சிரிப்பான்' என்கிற குரல். தலைவர் இறங்கி வந்து யார் முகத்தையும் பார்க்காமல், "வெட்டுங்கப்பா" என்றார்.

"வெட்டலாம்," என்றார் மருதை மாமா. "ஆனா ஒன்னு. கத்தியில என்ன பட்டாலும் கீழ போடக் கூடாது. எல்லாம் ஒரே சாக்குல வரணும்."

நாங்கள் வெட்டினோம். இதை நான் மறைக்கப் போவதில்லை. பசிக்கிற வீடு எல்லாருக்கும் இருக்கிறது.

எனக்கு முதலாவது, ஒன்பது மணிக்கு. வாதோடு வாதாக இருந்தது, பச்சையும் பழுப்புமாக. நான் கண்டேன் என்று சொல்லவும் முடியாது, காணவில்லை என்று சொல்லவும் முடியாது. கத்தி இறங்கின பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. முன்பாதி வாதிலேயே பிடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் விடவில்லை. வாயைத் திறந்தது, உள்ளே செம்மஞ்சள். சத்தம் இல்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். அடுத்தது பெட்டை, வயிற்றில் முட்டை. மழை தொடங்கும் முன் வடிகால் கான் ஓரத்து மண்ணைத் தோண்டி முட்டை இடும், அதற்காகத்தான் காட்டை விட்டு இறங்கி வந்திருக்கும். பக்கத்து நிரையில் ஒருவன் கத்தியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். யாரும் பாடவில்லை, யாரும் கேலி பேசவில்லை.

மூன்றாவதுக்குப் பிறகு என் கை பதறியது. பதறின கை அடுத்த வீச்சில் என் கெண்டைக்காலைத் திறந்துவிட்டது. ஆறு தையல். சாமிதான் என்று மாமா சொன்னார். கை பதறினால் கத்தி வெட்டும், அதற்குச் சாமி எதற்கு என்று நான் நினைத்தேன். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை வைத்த பழைய ஆட்கள் பதறுகிற கையைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

வியாழன் மாலையில் மலை முடிந்தது. சாக்கில் பதினாலு.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு, வேலைக்குப் போக வேண்டிய பன்னிரண்டு பேரும் ஆபீஸுக்குப் போனோம். நான் கட்டுப் போட்ட காலோடு ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். ஆபீஸ் வாசலில் வாழைமரம் கட்டி, படிக்கட்டில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். மருதை மாமா கம்பளத்தின் மேல் சாக்கை விரித்தார். ஒவ்வொன்றாக எடுத்து, உடம்புக்கு உடம்பு பொருத்தி, படிக்கு இரண்டாக வைத்தார். ஏழு படி. சரியாக வந்தது.

தொரை வெளியே ஓடிவந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"என்ன மருதை இது?"

"இது, இந்தத் தோட்டத்துல இல்லாத வேலை தொரை. அந்த வேலை இல்லாட்டி இப்புடித்தான் இருக்கும்."

"எடு! ஒடனே எடு! வாகனம் டவுனைத் தாண்டிருச்சு!"

"எங்களுக்கு வெட்டுப்பட்ட கால் தொரை. மெதுவாத்தான் குனிய முடியும்."

அதற்குள் யாரோ லயத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார்கள். அஞ்சுகம் வந்தாள். எங்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்தேன். அவ்வளவு மடையன் நான். அவள் கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். பெட்டையின் வயிற்றருகே நின்றாள். திரும்பினாள்.

"எல்லாம் மேல் மூலையா?"

நான் கம்பை மாற்றி ஊன்றினேன்.

"நான் ஜீப்புல ஏறயில என்னா சொன்னேன்? தங்கையா, நீ மாமாகிட்ட சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்க்கா."

"சொல்லியும் வெட்டுனீங்க."

"ஒனக்காகத்தாம்மா..." என்று மருதை மாமா ஆரம்பித்தார்.

"என் பேரைச் சொல்லாதீங்க மாமா! ஒங்க சம்பளத்துக்கு வெட்டுனீங்க. வெட்டுனப்பறம் எனக்காகன்னு சாக்குல போட்டீங்க. பதினோரு வருஷமா நான் குனிஞ்சேனே, ஒங்களால ரெண்டு நாளு குனிய முடியலியா? நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு நிரைக்கு முன்னுக்கு நடந்திருக்கக் கூடாதா? ஆம்பளைக்குக் குனிய வராதா?"

அடி வாங்கின மாதிரி நின்றோம். ஏனென்றால் அது எங்களுக்கு உண்மையாகவே தோன்றவில்லை. பெண் நடப்பாள், ஆண் வெட்டுவான். பவளம் மறுத்ததும் எங்கள் புத்தி அங்கேயே நின்றுபோனது. செடிக்குள் கையை விட்டுப் பார்க்க எங்கள் கைக்கு யார் தடை போட்டது?

தொரை அவளிடம் இறங்கி வந்தார். குரலைத் தாழ்த்தி, "அஞ்சுகம், நீயாவது சொல்லு. இதை எடுக்கச் சொல்லு. மத்ததைப் பெறகு பேசலாம்" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு துடைப்பில் எங்கள் மேலிருந்த கோபத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். படியில் போய் உட்கார்ந்தாள், இரண்டு ஓணானுக்கு நடுவில்.

"கடுதாசி வரட்டும் தொரை. வந்ததும் நானே என் கையால எடுக்கிறேன்."

"இப்போ எப்படி..."

"காம்பிராவக் காலி பண்ணச் சொல்ற துண்டு எழுத எவ்வளவு நேரமாச்சு? அவ்வளவுதான் ஆகும்."

கீழே வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. மலைப்பாதையில் இன்னும் மூன்று வளைவு. தொரை உள்ளே போனார். தட்டச்சு சத்தம் கேட்டது. கடிதத்தைக் கணக்கப்பிள்ளை கொண்டுவந்து எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். 'தோட்ட நிர்வாகத்தினால் நீண்ட காலமாக நடைமுறைப்படுத்தப்பட்டு வரும் அரிய உயிரினப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், நிர்வாகத்தின் பணிப்பின் பேரில், மேற்படி தொழிலாளி அன்றைய தினம்...'

"திட்டமாமே!" என்றார் மருதை மாமா. "எங்க சாமிக்குத் திட்டம்னு பேரு வச்சிட்டாங்கடா."

"எதையாச்சும் எழுதட்டும்," என்றாள் அஞ்சுகம். "முத்திரை இருக்கான்னு பாரு."

இருந்தது. அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். பிறகு பதினாலையும் தன் முந்தானையில் எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தாள். எங்களில் ஒருவரையும் கூட வரச் சொல்லவில்லை. வாகனம் வந்து நின்றபோது கம்பளத்தில் சின்னச் சின்ன ஈரம்தான் இருந்தது. தொரை அதன் மேல் நின்றுகொண்டு கை குலுக்கினார்.

வழக்கு பத்து நிமிஷத்தில் முடிந்தது. நீதவான் கடிதத்தை வாசித்தார், கருணாதாசவிடம் ஏதோ கேட்டார், விடுதலை என்றார். ஆனால் அதற்கு முன்னால் சான்றுப் பொருளைக் காட்ட வேண்டும் என்பது முறையாம். ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். ஒன்பதும் அதற்குள் இருந்தன, ஒன்றின் மேல் ஒன்று, ஏதோ மருந்துத் தண்ணீரில் வெளுத்துப்போய். குளிர்மலைப் பிராணியைக் கீழே வெயில் ஊருக்குக் கொண்டுபோய், ஆபீஸ் அலுமாரி மேல் பெட்டியில் வைத்திருந்தார்களாம். நாலு நாளில் எல்லாம் செத்துவிட்டன. கருணாதாசவின் முகம் கறுத்திருந்தது. அவருக்கும் அதில் விருப்பம் இல்லை என்றுதான் தோன்றியது. விருப்பம் இல்லாமல்தான் எல்லாரும் எல்லாம் செய்கிறோம்.

அஞ்சுகம் கூண்டிலிருந்து இறங்கவில்லை.

"அய்யா, ஒன்னு கேக்கணும். நான் உசுரோட கொடுத்தேன். அதுகளக் கொன்னது யாரு? எனக்கு வழக்குப் போட்டீங்களே, இதுக்கு வழக்கு எங்க?"

நீதவானுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கிற ஆள் பக்கம் திரும்பினார். அந்த ஆள் பணிவாகக் குனிந்து சிங்களத்தில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: "விடுதலை தந்ததற்கு நன்றி சொல்கிறார் ஐயா." நீதவான் தலையசைத்துப் புன்னகை செய்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

நான் அதை அவளிடம் பஸ்ஸில்தான் சொன்னேன். "நன்றியா?" என்றாள். "ஊருக்குப் போற வரைக்கும் அதைச் சொல்லாத தங்கையா. இறங்கித் திரும்பப் போயிருவேன்."

சான்றிதழ் கிடைத்தது. அஞ்சுகத்துக்குப் பெயரும் காம்பிராவும் தங்கின. அடுத்த மாதம் எட்டாம் நம்பர் மலைக்குக் கவ்வாத்து. சேவல் கொடுத்து முடித்து நிற்கிறோம். இந்தத் தடவை அவளுக்குப் பக்கத்து நிரைகளில் மருதை மாமாவும் நானும் இன்னும் நாலு பேரும் குனிந்துகொண்டு போனோம். நாள் முழுக்கக் கத்தி வீசுகிற கைகளுக்கு ஒரு ஓணானைத் தூக்க வராது என்பதை அன்றைக்குத்தான் கற்றோம். "நசுக்கிறாதீங்க, அது பீடி இல்ல" என்று அவள் திட்டிக்கொண்டே வந்தாள்.

அப்போது தொரையின் வண்டி வந்தது. கூடவே கழுத்தில் கேமரா தொங்கும் ஒருவன். கம்பனிப் புத்தகத்துக்குப் படம் வேண்டுமாம். அஞ்சுகம் கையில் ஓணானை வைத்துக்கொண்டு பலகை பக்கத்தில் நின்று கொஞ்சம் சிரிக்க வேண்டுமாம்.

"அது என் கையில இருந்தாப் புடிச்சிட்டுப் போவாங்க தொரை," என்றாள். "ஒங்க கையில இருந்தா ஒன்னும் செய்ய மாட்டாங்க. நீங்களே புடிங்க."

சொல்லிக்கொண்டே கூடையிலிருந்து ஒரு பெரிய ஆணை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்துவிட்டாள். அது அவர் கட்டைவிரலைக் கட்டிக்கொண்டது. தொரை மரமாகிவிட்டார். உதற முடியாது, கேமரா பார்க்கிறது. பிடிக்கவும் முடியாது. ஓணான் கொம்பை நிமிர்த்தி வாயைத் திறந்தது.

"எடு... எடுத்துரு அஞ்சுகம்."

"கேமராத் தம்பி, நல்லாப் புடிங்க," என்றாள் அவள். "தொரை மொகமும் ஓணான் மொகமும் சேந்து வரணும். நாளைக்கு ஆராச்சும் அப்படி ஒரு வேலை இல்லன்னாக் காட்டுறதுக்கு ஆவும்."

மருதை மாமா முதலில் சிரித்தார். பிறகு மலை முழுக்கச் சிரித்தது.

அவள் விரலைக் கொடுத்தாள். ஓணான் தொரையை விட்டு அவள் மேல் ஏறிக்கொண்டது. கூடையை எடுத்துக்கொண்டு காட்டோரத்துக்கு நடந்தாள். அவள் திரும்பி வருகிற வரை கத்தியை எடுக்காமல் நின்றோம்.

அன்றைக்கும் பெரட்டில் அவளுக்குக் கொழுந்து என்றுதான் பேர் போட்டிருந்தார்கள்.